மன்னார் வளைகுடாவின் பச்சையத்தை வானிலிருந்து அளப்பது எப்படி

சூரிய ஒளி கடலுக்குள் இறங்குகிறது. அங்கே மிதக்கும் நுண்தாவரங்கள் உறிஞ்சியது போக மிஞ்சிய ஒளியில் ஒரு சிறு பங்கு மேலே திரும்பி வருகிறது. செயற்கைக்கோள் பார்ப்பது அந்த மிச்சத்தை மட்டுமே. பச்சையம், அதாவது குளோரோஃபில், 443 நானோமீட்டர் அருகே நீல ஒளியை நன்றாக உறிஞ்சும்; 550 பக்கத்துப் பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடாது. நீலம் குறையக் குறைய நுண்தாவரம் கூடியிருக்கிறது என்று கணக்கிடுகிறோம். ஆனால் நீலத்தைக் குறைக்கக்கூடிய பொருள் கடலில் பச்சையம் மட்டுமல்ல. அளவீட்டில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருகின்றன. மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் ஒரே படத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அது இன்னும் முக்கியம். பாம்பனுக்குத் தெற்கே ஆழம் கூடிய கடல். வடக்கே வெளிச்சம் அடிவரை எட்டக்கூடிய ஆழமற்ற கடல். ஒரே சூத்திரம் இரண்டிலும் ஒரே பொருளைத் தராது.

இந்த வழிகாட்டியில் எல்லை இதுதான்: வடக்கு அட்சரேகை 8.0 முதல் 10.5 பாகை வரை, கிழக்குத் தீர்க்கரேகை 78.0 முதல் 80.5 பாகை வரை. தூத்துக்குடி, மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி, இலங்கைப் பக்கம் மன்னார் எல்லாம் இதற்குள் அடங்கும்.

எந்தக் கருவி, எந்த நாள்

பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டுமானால் நாசாவின் அக்வா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியை எடுங்கள். 2002 முதல் தொடர்ச்சியான தரவு இருக்கிறது. ஒரு பிக்சல் 1 கிலோமீட்டர். கரையோரம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் ஐரோப்பாவின் சென்டினல்-3 செயற்கைக்கோள்களில் உள்ள ஓல்சி கருவி: 300 மீட்டர், 21 அலைவரிசைகள், 2016 முதல். இந்தியாவின் ஓசன்சாட் வரிசையில் உள்ள ஓசிஎம் கருவி 360 மீட்டர். முதல் ஓசன்சாட் 1999 மே மாதமும், இரண்டாவது 2009 செப்டம்பரிலும், மூன்றாவது 2022 நவம்பரிலும் ஏவப்பட்டன. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செயற்கைக்கோள் புற ஊதா முதல் அருகு அகச்சிவப்பு வரை தொடர்ச்சியான நிறமாலையைத் தருகிறது. எந்த வகை நுண்தாவரம் என்று பிரித்தறிய விரும்புவோருக்கு இது பெரிய வரம். ஆனால் பிக்சல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான்.

முதல் முறை செய்பவர்கள் மோடிஸில் தொடங்குவது நல்லது. கோப்பு சிறியது, விளக்கக் குறிப்புகள் நிறைய, தவறு செய்தால் எங்கே செய்தோம் என்று கண்டுபிடிக்க முடியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு தடைகள். ஒன்று மேகம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல படத்துக்குப் பல நாள் காத்திருக்க வேண்டிவரும். மற்றொன்று சூரியப் பளபளப்பு. கடல் மேற்பரப்பு கண்ணாடிபோல் சூரியனை நேரே கருவிக்குள் எறிந்தால் நீருக்குள்ளிருந்து வரும் மெல்லிய ஒளி அதில் மூழ்கிப்போகும். 9 பாகை அட்சரேகையில் சூரியன் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். அந்த வாரங்களில் மோடிஸ் ஒரு கடப்பில் பிடிக்கும் படப்பட்டையின் நடுவுக்குச் சற்று மேற்கே ஒரு பெரிய வெள்ளைப் பட்டை விழும். மோடிஸ் சாயாத கருவி என்பதால் தப்ப வழியில்லை. நம் கடல் பட்டையின் வேறு பகுதியில் விழும் நாளாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஓசன்சாட்டின் ஓசிஎம்மும் பேஸின் கருவியும் 20 பாகை சாய்ந்து பார்ப்பவை. ஓல்சி பக்கவாட்டில் 12.6 பாகை சாய்த்துப் பொருத்தப்பட்டது. இவற்றில் பளபளப்புத் தொல்லை குறைவு.

இறக்குவதும் திறப்பதும்

நாசாவின் கடல்நிறத் தளத்தில் எர்த்டேட்டா கணக்கு ஒன்று இலவசமாகத் தொடங்கி, மேலே சொன்ன எல்லையைக் கொடுத்து, நிலை 2 கடல்நிறக் கோப்புகளைக் கேளுங்கள். நிலை 1 என்பது கருவி கண்ட மொத்த ஒளி. நிலை 2 என்பது காற்றுமண்டலத்தின் பங்கைக் கழித்து, பிக்சல் பிக்சலாகக் கணக்கிட்ட கடல் எண்கள். நிலை 3 என்பது 4 அல்லது 9 கிலோமீட்டர் கட்டங்களில் பல நாள்களைச் சேர்த்தது. அரபிக்கடல் முழுவதற்கும் நிலை 3 போதும். பாக் விரிகுடாவுக்கு வேண்டாம். 4 கிலோமீட்டர் கட்டம் ஒன்றில் தீவும் திட்டும் ஆழக்கடலும் ஒன்றாகக் கலந்துவிடும்.

கோப்பின் பெயரில் உள்ள நேரம் உலகப் பொது நேரம். இந்திய நேரம் பிற்பகல் ஒன்றரை என்பது அதில் காலை 8 மணி. படகில் எடுத்த மாதிரியின் நேரத்தை இதனோடு பொருத்தும்போது ஐந்தரை மணி நேரத்தை மறந்தால் ஒப்பீடு முழுவதும் வீண்.

நாசா இலவசமாகத் தரும் சீடாஸ் மென்பொருளில் கோப்பை அப்படியே திறக்கலாம். பைத்தானில் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோப்புக்குள் தரவு குழுக்களாகப் பிரிந்திருக்கும். கடல் எண்கள் ஒரு குழுவில், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இன்னொன்றில். குழுப் பெயரைச் சொல்லாமல் எக்ஸ்அரே (xarray) என்னும் பைத்தான் நிரல்தொகுப்பைக் கொண்டு திறந்தால் வெறும் கோப்பு போலத் தெரியும். பலர் இங்கேயே கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்குகிறார்கள்.

அடுத்து, ஒளித்திருப்ப எண்கள், அதாவது ஒவ்வொரு அலைவரிசையிலும் கடல் எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்புகிறது என்று சொல்பவை, இடத்தைச் சேமிக்க முழு எண்களாக அடைக்கப்பட்டிருக்கும். உண்மை மதிப்பு கிடைக்க, அந்த எண்ணை 0.000002 ஆல் பெருக்கி 0.05 கூட்ட வேண்டும். எக்ஸ்அரே இதைத் தானாகச் செய்யும். வேறு வழியில் படிப்பவர்கள் கையால் செய்ய வேண்டும். மைனஸ் 32767 என்பது தரவு இல்லாத பிக்சல். சரியாகப் படித்தீர்களா என்று பார்க்க எளிய சோதனை: தெளிந்த கடலில் 443 நானோமீட்டர் மதிப்பு ஒரு ஸ்டெரேடியனுக்கு 0.01-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் எண் வந்தால் பெருக்கம் விட்டுப்போயிற்று.

எண்ணுக்குப் போகும் முன் உண்மை நிறப் படத்தைக் கண்ணால் பாருங்கள். மேகத்தின் நிழல், புகைத்திரை, கலங்கல் நாக்கு எல்லாம் இதில் ஒரு நிமிடத்தில் தெரியும். எண்வரிசையில் மணிக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது.

கொடிகள்

ஒவ்வொரு பிக்சலுக்கும் எச்சரிக்கைக் கொடிகள் ஒரே எண்ணாகச் சேர்ந்திருக்கும். காற்றுமண்டலத் திருத்தம் தோல்வி 1, நிலம் 2, கடும் பளபளப்பு 8, கருவி நிரம்பி வழிதல் 16, கருவி மிகச் சாய்வாகப் பார்த்தது 32, பக்கத்திலிருந்து சிதறிய ஒளி 256, மேகம் 512, சூரியன் தாழ்வு 4096, நீரொளி (நீருக்குள்ளிருந்து வரும் ஒளி) மிகக் குறைவு 16384. இவற்றைக் கூட்டினால் 21307. பிக்சலின் கொடி எண்ணையும் 21307-ஐயும் இரும முறையில் ‘அண்ட்’ செய்து சுழியம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் நீக்குங்கள்.

சிதறொளிக் கொடி கரையிலும் மேகவோரத்திலும் சில பிக்சல் அகலத்துக்கு எல்லாவற்றையும் வெட்டிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. அதற்காக அந்தக் கொடியைத் தளர்த்த ஆசை வரும். தளர்த்தாதீர்கள். வெள்ளை மணலிலிருந்து சிதறிய ஒளி நீரொளியைவிடப் பல மடங்கு பெரியது. தீவோரம் வேண்டுமானால் 300 மீட்டர் கருவிக்கு மாறுவதுதான் நேர்மையான வழி.

மேகக் கொடியில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. மோடிஸில் 869 நானோமீட்டரில் எதிரொளிப்பு 0.027-ஐத் தாண்டினால் மேகம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. நீர்மட்டத்தில் அடர்த்தியாக மிதக்கும் பாசியும் அகச்சிவப்பை எதிரொளிக்கும். அதனால் பாசி மிக அடர்ந்திருக்கும் இடமே மேகமென்று அழிந்துபோகலாம். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் இறந்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரியின் பெருக்கம் அது. அப்படிப்பட்ட நாள்களில் பச்சையப் படத்தில் ஓட்டை தெரிந்தால், உண்மை நிறப் படத்தில் அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

நிறத்திலிருந்து எண்ணுக்கு

கோப்பில் பச்சையம் ஏற்கெனவே கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால்தான் அது எங்கே வழுக்கும் என்று புரியும். மோடிஸுக்கு நெடுங்காலம் பயன்பட்ட மூன்று அலைவரிசைச் சூத்திரம் இது. 443, 488 இரண்டில் பெரிய மதிப்பை எடுத்து 547-ன் மதிப்பால் வகுங்கள். அந்த ஈவின் பத்தடி மடக்கையை ‘ம’ என்போம்.

பச்சையத்தின் மடக்கை = 0.2424 − 2.7423 ம + 1.8017 ம² + 0.0015 ம³ − 1.2280 ம⁴

எடுத்துக்காட்டாக, 443-ல் 0.0042, 488-ல் 0.0048, 547-ல் 0.0032 என்றால் ஈவு 1.5, ம 0.176. சூத்திரம் −0.186 தரும், பச்சையம் கன மீட்டருக்கு 0.65 மில்லிகிராம். ஈவு 1 ஆனால் 1.75. ஈவு 0.8 ஆனால் 3.35. கவனியுங்கள்: நீலத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு விடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. கலங்கிய நீரில் சிறு பிழையும் பெரிதாவது இதனால்தான்.

தெளிந்த ஆழக்கடலுக்குக் கோப்பில் வேறொரு சூத்திரம் பயன்படுகிறது. நீலம், பச்சை, சிவப்பு மூன்றிலும் பச்சை எவ்வளவு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது என்று அது பார்க்கும். இரண்டும் சேரும் இடத்தில் படிப்படியாகக் கலக்கும். நாசா தரவு முழுவதையும் அவ்வப்போது புதிதாகக் கணக்கிடும்; அந்த மறுசெயலாக்கம் ஒவ்வொன்றிலும் குணகங்களும் மாறும். ஆகவே உங்கள் கைக்கணக்கு கோப்பின் எண்ணோடு அச்சுப்பிசகாமல் ஒத்துப்போகாவிட்டால் கலங்க வேண்டாம். ஆனால் ஒரே ஆய்வில் இரண்டு மறுசெயலாக்கப் பதிப்புகளைக் கலக்கவே கூடாது.

பச்சை எதிலிருந்து வருகிறது

கருவி காணும் மொத்த ஒளியில் நீரிலிருந்து வருவது நீல அலைவரிசையிலேயே சுமார் பத்தில் ஒரு பங்குதான்; மிச்சம் காற்றுமண்டலத்தின் சிதறல். கருவியின் அளவில் 1 சதவீதம் தவறினால் நீரொளியில் 10 சதவீதம் தவறும். இதற்காகவே ஹவாயில் லானாய் தீவருகே மோபி என்ற மிதவை 1997 முதல் கடலொளியை நேரடியாக அளந்து, செயற்கைக்கோள்களைத் திருத்த உதவிவருகிறது.

காற்றின் பங்கைக் கழிக்கும் முறைக்கு ஓர் அடிப்படை உண்டு: அகச்சிவப்பில் கடல் கறுப்பு, அங்கே தெரிவதெல்லாம் காற்றுமண்டலம். ஆழக்கடலில் இது சரி. சேறு கலந்த நீரில் அகச்சிவப்பிலும் கடல் மின்னும். மென்பொருள் அதையும் காற்றுத்தூசியின் கணக்கில் எழுதி, நீலத்தில் தேவைக்கு மேல் கழித்துவிடும். அடையாளம் எளிது: 412 நானோமீட்டரில் மதிப்பு சுழியத்துக்குக் கீழே போகும். தூசியும் புகையும் நிறைந்த காற்றிலும் இதே நடக்கும். 412 எதிர்மறையாக உள்ள பிக்சலின் பச்சையத்தை நம்ப வேண்டாம், வேறு எந்தக் கொடியும் இல்லாவிட்டாலும். சேற்றுக் கடலுக்கு 1240, 2130 நானோமீட்டர் குறுவலை அகச்சிவப்பைக் கொண்டு திருத்தும் முறை உண்டு; நிலை 1 கோப்பிலிருந்து சீடாஸில் நீங்களே செயலாக்க வேண்டும். அந்த அலைவரிசைகளில் இரைச்சல் கூடுதல் என்பதால் தெளிந்த பகுதிக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இனி நீருக்குள். நீலத்தைக் குறைப்பவர்கள் நால்வர்: நுண்தாவரம், சேறு, மக்கிய இலைதழையிலிருந்து கரைந்த மஞ்சள் பொருள், கடலடி. ஒவ்வொன்றையும் பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது.

சேறு சிவப்பில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். 667-ன் மதிப்பு 0.0012-ஐத் தாண்டினால் கலங்கல் என்று கொள்ளுங்கள். மஞ்சள் பொருள் 443-ஐவிட 412-ஐ அதிகம் தின்னும். ஆற்று முகத்துவாரத்திலும் மழைக்குப் பிந்திய நாள்களிலும் 412 மட்டும் சட்டென்று சரிந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள். உயிருள்ள நுண்தாவரத்துக்கு மட்டும் ஒரு தனி அடையாளம்: அது உறிஞ்சிய ஒளியில் சிறிதளவை 683 நானோமீட்டர் அருகே சிவப்பாக உமிழும். மோடிஸின் 678 அலைவரிசை, 667-க்கும் 748-க்கும் இடையே இழுத்த நேர்க்கோட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே ஒளிர்வு உயரம். கோப்பிலேயே அது தனி மாறியாகக் கிடைக்கும். பச்சையம் அதிகம், ஒளிர்வும் அதிகம் என்றால் பெரும்பாலும் உண்மைப் பெருக்கம். பச்சையம் அதிகம், ஒளிர்வு இல்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள். கடும் சேறு ஒளிர்வுபோல் நடிக்கும் என்பதால் இந்தச் சோதனையைக் கலங்கல் சோதனைக்குப் பிறகுதான் வைக்க வேண்டும்.

கடலடிதான் பாக் விரிகுடாவில் பெரிய ஏமாற்று. கடற்புல் படுகைகள் பச்சையைத் திருப்பியனுப்பும். மணல் திட்டுகள் எல்லா நிறத்தையும். சூத்திரத்துக்கு இரண்டும் நுண்தாவரம்போலத் தெரியும். சில வார இடைவெளியில் எடுத்த நான்கைந்து படங்களை அடுக்கிப் பாருங்கள். நுண்தாவரப் பெருக்கம் நீரோட்டத்தோடு நகரும், கலையும், வடிவம் மாறும். ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் நிற்கும் ‘பெருக்கம்’ கடலடி. அதன்பின் கடல்வரைபடத்தின் ஆழக்கோட்டை மேலே வைத்து, அடி தெரியும் ஆழம் வரை பகுதியை நிரந்தரமாக வெட்டிவிடுங்கள். ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையிலுள்ள திட்டுவரிசையை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அங்கே கிடைக்கும் பச்சைய எண்ணுக்குப் பொருளே இல்லை.

பூங்கோரையிலும் ஒரு நுட்பம் உண்டு. நாக்டிலூகாவுக்குச் சொந்தமாகப் பச்சையம் கிடையாது. பச்சை வகையில் அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் பச்சையத்தைத் தருகிறது. சிவப்பு வகையில் அதுவும் இல்லை. எனவே கடல் சிவந்து கிடக்கும்போது பச்சைய எண் குறைவாக வந்தாலும் பெருக்கம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

படகில் எடுக்கும் மாதிரி

வானிலிருந்து வந்த எண்ணை நிலைநிறுத்துவது குடுவையில் எடுத்த நீர்தான். கரையிலிருந்து குறைந்தது சில கிலோமீட்டர் தள்ளி, இயந்திரக் கழிவுநீர் விழாத பக்கத்தில், மேற்பரப்பு நீரை 2 லிட்டர் இருட்டுக் குடுவையில் எடுங்கள். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 3 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நேரம், இடம், கடலின் நிறம், மேகம், அலை எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். வெயிலில் குடுவையை வைத்தால் பச்சையம் சிதையும். ஐஸ் பெட்டியில் இருட்டில் கொண்டுவந்து அன்றே வடிகட்டுங்கள்.

வடிதாள் 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வகை. உறிஞ்சு அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் செல்கள் உடைந்து பச்சையம் வடிநீரோடு ஓடிவிடும். எண் குறைவாக வருவதற்கு இதுவே பொதுவான காரணம். வடிதாளை 90 சதவீத அசிட்டோன் 10 மில்லிலிட்டரில் அரைத்து, இருட்டில் குளிர்பெட்டிக்குள் 24 மணி நேரம் வையுங்கள். பிறகு சுழற்றித் தெளியவைத்து, நிறமாலை ஒளிமானியில் 750, 664, 647, 630 நானோமீட்டர்களில் படியுங்கள். 750-ன் அளவு கலங்கலைக் காட்டுவது. அதை மற்ற மூன்றிலிருந்தும் கழியுங்கள். அது கணிசமாக வந்தால் மறுபடி சுழற்றுங்கள்.

சாற்றில் மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் = 11.85 × 664-ன் அளவு − 1.54 × 647-ன் அளவு − 0.08 × 630-ன் அளவு

முறையே 0.060, 0.015, 0.012 என்றால் 0.687 வரும். அதைச் சாற்றின் 10 மில்லிலிட்டரால் பெருக்கி, வடிகட்டிய 2 லிட்டரால் வகுத்தால் 3.4; ஒளிப்பாதை 1 சென்டிமீட்டர் என்றால் இதுவே கன மீட்டருக்கு மில்லிகிராம். தெளிந்த கடலில் அளவு இதில் பத்தில் ஒரு பங்காக இருக்கும். 1 சென்டிமீட்டர் கலத்தில் இரைச்சலோடு கலந்துவிடும். 5 அல்லது 10 சென்டிமீட்டர் கலம் எடுங்கள், இல்லையேல் ஒளிர்மானிக்குப் போங்கள்.

ஒப்பிடும்போது மாதிரி எடுத்த புள்ளியைச் சுற்றி 5-க்கு 5 பிக்சல் சதுரத்தை எடுங்கள். நிலம் அல்லாதவற்றில் பாதிக்கு மேல் நல்ல பிக்சல்களாக இருக்க வேண்டும். சதுரத்துக்குள் ஒளித்திருப்பத்தின் விலகல் சராசரியில் 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடம் ஒரே சீராக இல்லை. ஒரு குடுவை நீர் அதற்குப் பிரதிநிதி ஆகாது, விட்டுவிடுங்கள். கண்டிப்பாகச் செய்தால் பத்துப் பயணத்தில் ஒன்றிரண்டு ஒப்பீடுகூட மிஞ்சாமல் போகலாம். ஆழக்கடலுக்கு வகுக்கப்பட்ட துல்லிய இலக்கே 35 சதவீதம். கரையோரத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுகிறதா என்று பாருங்கள். ஒரே பக்கத் தவறைத் திருத்த முடியும்.

ஆழத்தையும் நினைவில் வையுங்கள். செயற்கைக்கோளுக்கு வரும் ஒளியின் பெரும்பகுதி மேலடுக்கிலிருந்து வருவது. 490 நானோமீட்டரில் ஒளி தேய்வுக் குணகம் மீட்டருக்கு 0.1 என்றால் அந்த அடுக்கு 10 மீட்டர். அதற்குக் கீழே அடர்ந்து கிடக்கும் நுண்தாவரப் படலம் படத்தில் வராது.

மாதச் சராசரி போடும்போது

பச்சையம் கூட்டிவகுக்கும் சராசரிக்கு ஒத்துவராது. 0.20, 0.25, 0.30, 5.0 என்று நான்கு பிக்சல்கள் இருந்தால் சாதாரணச் சராசரி 1.44, ஒரு மேகவோரப் பிக்சல் முழுப் பகுதியையும் விழுங்கிவிட்டது. இடைநிலை மதிப்பு 0.275. மடக்கையில் சராசரி எடுத்தால் 0.52. படம் வரையும்போதும் நிற அளவுகோலை மடக்கையில் வையுங்கள், 0.05 முதல் 10 வரை. இல்லாவிட்டால் ஆழக்கடல் முழுவதும் ஒரே நீலமாகிவிடும்.

ஒவ்வொரு சராசரியோடும் எத்தனை நல்ல நாள்கள் அதற்குள் இருந்தன என்ற எண்ணிக்கைப் படத்தையும் சேர்த்தே சேமியுங்கள். நவம்பர் மாதச் சராசரி என்று போட்டது உண்மையில் இரண்டே நாள்களின் படமாக இருக்கலாம். கோப்பின் பெயரிலேயே கருவி, மறுசெயலாக்கப் பதிப்பு, பயன்படுத்திய கொடி எண், வெட்டிய ஆழக்கோடு நான்கையும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே படத்தைத் திறக்கும்போது முதலில் தேடுவது இவற்றைத்தான்.